வலுக் கூட்டின வண்டிக்குக் கிளச்: காசைத் தின்னும் தவறுகள்

டேர்போ அழுத்தத்தைக் கூட்டி, இஞ்சினை ரியூன் பண்ணி முடித்து நாலு நாள் ஆகியிருக்காது. மூன்றாம் கியரில் மிதித்தால் ஆர்பிஎம் முள் மட்டும் ஏறும், வண்டி வேகம் ஏறாது: கிளச் வழுக்குகிறது. உடனே கொழும்பில் உதிரிப்பாகம் விற்கும் பஞ்சிகாவத்தைக்கு ஒரு கோல்: "இருக்கிறதிலயே பலமான கிளச்சா அனுப்புங்கோ." கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் புதிதாக வலுக் கூட்டும் பொடியள் திரும்பத் திரும்ப விழுகிற குழி இந்த ஒரு வரிதான்.

பெடலில் கால் வைத்தபடி ஓட்டாதே என்பதெல்லாம் ஓட்டப் பழகும்போதே சொல்லித் தந்திருப்பார்கள். அதை விடுவோம்.

குதிரைவலுவைச் சொல்லி வாங்குவது

கிளச் தாங்குவது முறுக்குவிசையை, அதாவது இஞ்சின் திருகும் பலத்தை. 1997இல் வந்த ஹொண்டா சிவிக் டைப் ஆர் 185 குதிரைவலு, 160 நியூட்டன்மீற்றர். 2015இல் வந்த 2.8 லீற்றர் டீசல் ஹைலக்ஸ் 177 குதிரைவலு, மனுவல் கியரில் 420 நியூட்டன்மீற்றர். வலுவில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் சிவிக் அந்த வலுவை 8,200 ஆர்பிஎம்மில் எடுக்கிறது, ஹைலக்ஸ் 3,400இல் எடுக்கிறது. அதனால் ஹைலக்ஸின் கிளச்சுக்கு வரும் சுமை இரண்டரை மடங்குக்கும் மேல்.

டைனோத் தாளில் (வலுவை அளக்கும் மெசின் தரும் வரைபடம்) முறுக்குவிசைக் கோட்டின் உச்சியைப் பாருங்கள். சக்கரத்தில் அளந்த கணக்கு என்றால் இஞ்சினின் உண்மையான அளவு அதைவிடக் கூட. கிளச் காண்பது இஞ்சின் தருவதைத்தான்.

ஸ்டேஜ் இலக்கத்தை நம்புவது

கிளச் விற்பவர்கள் போடும் ஸ்டேஜ் 2, ஸ்டேஜ் 3 என்பதற்குப் பொதுத் தரம் எதுவும் கிடையாது. எத்தனை நியூட்டன்மீற்றர் தாங்கும் என்று கேளுங்கள். சொல்லத் தெரியாதவரிடம் வாங்க வேண்டாம்.

தேவைக்கு மேல் பலமானதைப் பூட்டுவது

மற்றத் தவறுகள் எல்லாம் கிளச்சோடு போய்விடும். இது கியர்பெட்டியையும் சேர்த்துக் கொண்டு போகும். இவ்வளவு சொல்லியும் நடக்கிறதே என்று எரிச்சல் வருவதும் இதில்தான்.

ஒரு டேர்போ கார். ரியூன் பண்ணின பிறகு 330 நியூட்டன்மீற்றர். அதற்கு 600 தாங்கும் ஆறு பக் செரமிக் பிளேட் (உராயும் பொருள் ஆறு தனித்துண்டுகளாக இருப்பது), நடுவில் ஸ்பிரிங் இல்லாத வகை. ஏ9இல் முதல் கிழமை நல்ல சந்தோசம். வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போன கூட்டத்தில் வண்டி மாட்டிக்கொண்டது. பத்தடி அசைவு, நிற்பு, திரும்பப் பத்தடி. ஒவ்வொரு தரமும் முழு வண்டியும் உதறியது. உதறலை அடக்க ஓட்டினவர் ஆர்பிஎம்மைக் கூட்டி அரைக் கிளச்சில் பிடித்திருக்கிறார். திரும்பி வரும்போது பரந்தனில் இரண்டாம் கியரில் ஒரு இழுவை, அடியில் ஒரு வெடிச்சத்தம். கழற்றிப் பார்த்தால், இஞ்சினோடு சுற்றி பிளேட்டோடு உராயும் பிளைவீலின் முகத்தில் நீலம் பாய்ந்த வட்டங்கள், இரண்டாம் கியரில் நாலு பல் இல்லை. செரமிக் பிளேட்டுக்கு ஒன்றுமே ஆகவில்லை.

ஏன் இப்படி? கொம்பனிப் பிளேட்டின் இரண்டு முகங்களுக்கும் இடையில் அலைபோல் வளைந்த மெல்லிய தகடுகள் இருக்கும். கிளச் விடும்போது அவை மெல்ல நசிந்து பிடியை மெதுவாக்கும். பக் பிளேட்டுகள் பலவற்றில் அது இல்லை. பிடித்தால் முழுப்பிடி, விட்டால் ஒன்றுமில்லை. நடு ஸ்பிரிங்கும் இல்லையென்றால் இஞ்சினின் ஒவ்வொரு அடியும் நேரே கியர் பல்லில் விழும். அளவான கிளச் என்றால் அடி மிஞ்சும்போது ஒரு கணம் வழுக்கிக் கொடுக்கும். இது கொடுக்காது. அடுத்ததாக எது பலவீனமோ அது உடையும்.

உண்மையில் அந்த வண்டிக்கு என்ன போதும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். பிளேட்டைப் பிளைவீலோடு அமத்திப் பிடிக்கும் பிரசர் பிளேட்டின் அழுத்தத்தை உராய்வுக் குணகத்தாலும், பிளேட்டின் சராசரி ஆரையாலும், உராயும் முகங்களின் எண்ணிக்கையாலும் பெருக்க வேண்டும். கொம்பனிக் கிளச்சுக்கு 6,000 நியூட்டன் அழுத்தம், ஓர்கானிக் பிளேட்டுக்கு (கொம்பனி போடும் சாதாரண வகை) குணகம் 0.3, ஆரை 0.095 மீற்றர், முகம் 2 என்று வையுங்கள்: 342 நியூட்டன்மீற்றர். 330க்குப் போதும் போலத் தெரியும். ஆனால் சூடேறிக் குணகம் 0.25க்கு இறங்கினால் 285தான். கொம்பனிக் கிளச் மூன்றாம் கியரில் வழுக்கினது அதனால்தான். அதே ஓர்கானிக் பிளேட்டோடு அழுத்தம் 30 வீதம் கூடின பிரசர் பிளேட்டைப் பூட்டினால், சூட்டிலும் 370, ஆறியிருக்கும்போது 444. பெடல் கொஞ்சம் பாரமாகும். உதறல் வராது. காசும் குறைவு.

இஞ்சினின் உச்ச முறுக்குவிசைக்கு மேல் 20 முதல் 30 வீதம் தாங்கினால் வீதியில் ஓடும் வண்டிக்குப் போதும். நெல்லுக் காயப்போட்ட வீதி ஓரத்திலும், மாலையில் மாடுகள் குறுக்கே போகும் இடத்திலும் ஊர்ந்து போகவும் வேண்டுமே. 500ஐத் தாண்டினால் இரட்டைப் பிளேட்டைப் பாருங்கள். முகம் நாலாவதால் பெடலை இரும்பாக்காமலே பிடி கூடும்.

அழுத்தத்தை மட்டும் ஏற்றிக்கொண்டே போகவும் கூடாது. பெடலை மிதிக்கும் ஒவ்வொரு தரமும் அந்தப் பாரம் இஞ்சினின் கிராங்கை முன்னே தள்ளி, அது முன்பின் அசையாமல் தாங்கும் திரஸ்ட் வாசரைத் தேய்க்கும். நியூட்ரலில் போட்டுப் பெடலை விட்டு ஸ்டார்ட் பண்ணுங்கள். ஒயில் அழுத்தம் ஏறுமுன் அதை அமத்தாமல் இருக்கலாம்.

பழைய பிளைவீலில் புதுப் பிளேட்

அரத்தாள் தேய்ப்பு போதாது. நீலம் பாய்ந்த இடம் இறுகிப்போயிருக்கும், புதுப் பிளேட் அதில் உதறும். லேத்தில் கொடுத்து முகத்தைச் சமப்படுத்துங்கள். பிரசர் பிளேட் அமரும் இடம் முகத்தைவிட உயர்ந்தோ தாழ்ந்தோ இருக்கிற பிளைவீல் என்றால், இரண்டையும் ஒரே அளவு எடுக்கச் சொல்லுங்கள். உராயும் முகத்தை மட்டும் எடுத்தால் அழுத்தம் குறைந்து, புதுக் கிளச்சும் வழுக்கும்.

பின் ஒயில் சீலை விட்டுவிடுவது

இஞ்சின் ஒயில் பிளேட்டுப் பக்கம் கசியாமல் தடுப்பது இந்தச் சீல்தான். கியர்பெட்டி இறங்கியிருக்கும்போதே மாற்றுங்கள். பெடலை மிதிக்கும்போது கிளச்சை விடுவிக்கும் ரிலீஸ் பெயாரிங்கும் அப்படித்தான்.

பிளேட்டில் கியர்பெட்டியைத் தொங்கவிடுவது

திரும்பப் பூட்டும்போது, கியர்பெட்டியின் சாவ்ட் பிளேட்டுக்குள் பாதி நுழைந்த நிலையில் ஜாக்கை இறக்கினால் பாரம் முழுக்கப் பிளேட்டின் நடுவில். அது மயிரிழை வளைந்தாலும் கிளச் முழுதாக விடாது, முதல் கியர் கரகரக்கும். பெட்டியின் முகமும் இஞ்சினின் முகமும் ஒட்டும் வரை பெட்டியைத் தாங்கியே வைத்திருங்கள். சாவ்ட்டில் வெட்டியிருக்கும் பல் வரிகளான ஸ்பிளைனில் கிறீஸ் மெல்லிய பூச்சாக மட்டும். மிஞ்சினால் அது பிளேட்டில் தெறிக்கும். பிரசர் பிளேட் போல்ட்டுகளை எதிரெதிராக, அரைச் சுற்று அரைச் சுற்றாக இறுக்குங்கள்.

பழக்காமல் மிதிப்பது

ஓர்கானிக் பிளேட்டுக்கு 500 முதல் 800 கிலோமீற்றர் வரை முழு டேர்போவில் மிதிக்கக் கூடாது. அதுவும் டவுன் ஓட்டமாக இருக்க வேண்டும். கிளிநொச்சியில் ஏறி ஐந்தாம் கியரில் ஓமந்தை வரை போய்வந்தால் மீற்றர் ஏறும், பிளேட் பழகாது. பழக்குவது கிளச்சை மிதித்து விடும் தடவைகள், ஓடிய தூரம் அல்ல. கரடிப்போக்குச் சந்திக்கும் சந்தைக்கும் இடையில் நாலு நாள் ஓடினால் அதைவிட நன்றாகப் பழகும்.