மெல்லிய பட்டை உருட்டல்: கோட்பாட்டை ஆய்வகத்தில் சோதிக்கும் முறை

உலோகப் பட்டையை இரு உருளைகளுக்கிடையே செலுத்தி மெலிதாக்குவதே உருட்டல். அதற்குத் தேவையான விசையைக் கணிக்க, 1925இல் வான் கார்மன் எழுதிய சமன்பாடு முதல் 1943இல் ஓரோவனும் 1948இல் பிளாண்டும் ஃபோர்டும் தந்த முறைகள் வரை பல கோட்பாடுகள் உள்ளன. எதைச் சோதித்தாலும், கோட்பாட்டுக்குள் இடும் ஒவ்வோர் எண்ணும் சோதிக்கப்படும் ஓட்டத்தின் (பட்டையை ஒருமுறை உருட்டுவதன்) விசையைப் பாராமல் தனியே அளக்கப்பட்டிருக்க வேண்டும். விசை பொருந்தும்வரை உராய்வுக் கெழுவை மாற்றிவிட்டுக் கோட்பாடு வென்றது என்று எழுதுவது சோதனையே ஆகாது.

ஒரே சுருளிலிருந்து வெட்டி, ஒன்றாகக் காய்ச்சி மெல்ல ஆறவிட்ட பட்டைகளை எடுத்துக்கொள்ளுங்கள். அகலம் தடிமனைப் போல் பத்து மடங்காவது இருந்தால் பக்கவாட்டு விரிவு புறக்கணிக்கத்தக்கதாகும். உலோகம் நிரந்தரமாக உருமாறத் தொடங்கும் தகைவை, குறுகிய இரு அச்சுகளுக்கிடையே பட்டையை அகலம் முழுவதும் அழுத்தி அளப்பதே நல்லது. இழுவைச் சோதனையின் எண்தான் கையில் இருக்கிறதென்றால், அதை 1.155 ஆல் பெருக்க வேண்டும். உருட்ட உருட்ட உலோகம் இறுகுவதால், வெவ்வேறு அளவு உருட்டிய துண்டுகளிலும் இதை அளந்து வரைகோடாக்குங்கள்.

உராய்வுக்குத்தான் அதிகப் பொறுமை வேண்டும். உருளையின் மேல் நுண்ணிய கோடு ஒன்றைக் கீறினால், ஒவ்வொரு சுற்றிலும் அது பட்டையில் பதியும். பட்டை உருளையைவிட வேகமாக வெளியேறிக்கொண்டிருக்கும்போது, பதிவுகளுக்கிடையேயான தூரம் உருளையின் சுற்றளவைவிடக் கூடுதலாக இருக்கும். பின்னிழுவிசையை, அதாவது பட்டை நுழையும் பக்கத்தில் அதைப் பின்னோக்கி இழுக்கும் விசையை, சிறிது சிறிதாகக் கூட்டி, நகரும் நுண்ணோக்கியால் அளந்துகொண்டே வாருங்கள். இரண்டும் சமமாகும் நிலையில் உராய்வு முழுவதும் ஒரே திசையில் செயல்படுகிறது. அப்போது ஓர் உருளையின் முறுக்குவிசையிலிருந்து தாங்கிகளில் செலவாவதைக் கழித்து, உருட்டு விசை, உருளை ஆரம் ஆகியவற்றின் பெருக்கற்பலனால் வகுத்தால் உராய்வுக் கெழு கிடைத்துவிடும். அதே மசகும் வேகமும் கொண்ட, இழுவிசையற்ற ஓட்டங்களுக்கு அதைப் பயன்படுத்துங்கள்.

பட்டை மெலிய மெலிய உருளையே தட்டையாகிறது. அதன் வளைவு பெரிய ஆரமுள்ள வட்டவில்லாகவே நீடிக்கும் என்று 1935இல் ஹிட்ச்காக் கொண்ட கருத்து மிக மெல்லிய பட்டைகளில் பொய்க்கிறது. தொடுபரப்பின் நடுவில் வழுக்கலற்ற தட்டைப் பகுதி உண்டு என்பது ஃபிளெக்கும் ஜான்சனும் 1987இல் தந்த விளக்கம். எல்லாக் கோட்பாடுகளும் ஒரே விடை தரும் தடிமனில் சோதித்துப் பயனில்லை. குறைப்பு விகிதத்தை (ஓர் ஓட்டத்தில் தடிமன் குறையும் விகிதத்தை) மாற்றாமல், கணிப்புகள் பிரியும் இடத்தைத் தாண்டும்வரை தடிமனைக் குறைத்துச் செல்லுங்கள்.

உருளை இடைவெளியைத் தடிமனாகக் கருதாதீர்கள். விசையில் உருளைகளைத் தாங்கும் இயந்திரச் சட்டமும் நீளும். இருபுறமும் உள்ள லோடு செல்கள் (விசையை அளக்கும் உணரிகள்) காட்டும் அளவுகளின் கூட்டுத்தொகையை, பட்டையின் இரு முனைகளையும் விடுத்து நிலையாக ஓடிய பகுதியில் மட்டும் எடுங்கள். விசை பொருந்தி முறுக்குவிசை பொருந்தாவிட்டால், இரு பிழைகள் ஒன்றையொன்று ஈடுசெய்திருக்கலாம் என்பதால், அந்த ஓட்டத்தைக் கோட்பாட்டுக்குச் சான்றாகக் கொள்ளக் கூடாது.