கருப்பைவாய்ப் புற்றுநோய் முகாமுக்கு நிதி கேட்கும்போது பணத்தை எதற்கு ஒதுக்குவது?

விண்ணப்பத்தில் "ஆயிரம் பெண்களுக்குப் பரிசோதனை" என்று போட்டால் நிதி கொடுப்பவர் முகம் மலரும். அந்த ஆயிரத்தில் ஐம்பது முதல் நூறு பேருக்குக் கருப்பைவாயில் வெள்ளைத் திட்டு (புற்றுக்கு முந்தைய மாறுதலாக இருக்கக்கூடியது) தெரியலாம் என்று கணக்கு வைக்க வேண்டும். அவர்களை அடுத்து எங்கே அனுப்புவது, யார் செலவில் அனுப்புவது என்பதற்குப் பல பட்ஜெட்டுகளில் ஒரு வரிகூட இருக்காது. பந்தல், பேனர், மைக், டீ எல்லாவற்றுக்கும் தனித்தனி வரி இருக்கும்.

திண்டுக்கல் மாவட்டத்தில் நடந்து, 2007இல் லான்செட் இதழில் வந்த ஆய்வை நிதி கேட்கும் கூட்டங்களில் எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். செவிலியர்கள் அசிட்டிக் அமிலம் தடவிப் பார்க்கும் பரிசோதனையை ஒரே ஒரு முறை செய்ததில் இந்தப் புற்றுநோய்ச் சாவு 35 சதவீதம் குறைந்தது. மாறுதல் தெரிந்தவர்களுக்குக் கால்போஸ்கோபி (உருப்பெருக்கியால் பார்ப்பது), பயாப்சி (சதைத் துணுக்கு எடுத்துச் சோதிப்பது), தகுந்தவர்களுக்கு உறைய வைக்கும் சிகிச்சை எல்லாம் அதே வருகையில் கொடுக்கப்பட்டன என்பதை மட்டும் சொல்ல மறந்துவிடுவார்கள்.

அதனால் பட்ஜெட்டைப் பின்னாலிருந்து போடுங்கள். 100 ரூபாயில் 40க்கு மேல் முகாமுக்குப் போகக்கூடாது. 25 ரூபாய், வீடு வீடாகப் பின்தொடரும் பணியாளரின் சம்பளம். 30 ரூபாய் பயாப்சி, பயணம், தங்கல், கூலி இழப்பு. மீதி 5 கணக்கு, தணிக்கைக்கு.

அந்த 30 ரூபாய் எதற்கு என்று நிதி கொடுக்கும் நிறுவனக்காரர் கேட்பார். நோய் முற்றிய நிலையில் தெரிந்தால் கதிர்வீச்சுதான். வாரம் 5 நாள் வீதம் ஏறத்தாழ 5 வாரம், 25 நாள் வெளிக்கதிர் (உடலுக்கு வெளியிலிருந்து), கூடவே வாரம் ஒரு முறை கீமோ மருந்து, பிறகு உள்கதிர் (உள்ளே கருவி வைத்து). எல்லாம் 8 வாரத்துக்குள் முடிய வேண்டும். இழுத்தடித்தால் பலன் குறையும். நோயாளியும் துணைக்கு ஒருவரும் தினம் போய்வந்தால் வெளிக்கதிருக்கு மட்டும் 100 டிக்கெட். சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. மொபசல் வண்டியில் உண்டு. ரயில் என்றால் மருத்துவச் சான்றுடன் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரில் முழுச் சலுகை, துணைக்கு 75 சதவீதம். தொலைவு 40 கிலோமீட்டரைத் தாண்டினால் மருத்துவமனைக்குப் பக்கத்தில் இரண்டு மாதத்துக்கு ஓர் அறை எடுப்பதே மலிவு. பத்தாம் நாளில் சிகிச்சையை விட்டுவிடுபவர்கள் பயத்தால் மட்டும் விடுவதில்லை. வீட்டில் அரிசி தீர்ந்துவிடுகிறது. இந்தப் பணத்தை அந்தப் பெண்ணின் சொந்தக் கணக்கிலேயே போடுங்கள்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டையை முகாம் அன்றே சரிபார்க்க வேண்டும். ஆண்டு வருமானம் 1.20 லட்சத்துக்குள் என்ற சான்றும் ரேஷன் கார்டும் தேவை. ரேஷன் கார்டில் மருமகள் பெயர் ஏறாமல் கிடப்பது சர்வசாதாரணம். பயாப்சி முடிவு வந்த பிறகு அதற்கு அலைந்தால் மூன்று வாரம் போய்விடும்.

இடம், நாள்

முகாமை ஊர் நடுவில், கோவில் பக்கத்து மண்டபத்தில் வைத்தால் காலனியிலிருந்து வருபவர்கள் குறைவு. முதல் முகாம் காலனியில் நடக்கட்டும். ஊர்ப் பெண்கள் இரண்டாம் முகாமுக்கு வரட்டும். செங்கல் சூளைக் குடும்பங்கள், இருளர் குடியிருப்பு, மலைக்கிராமம் ஆகியவற்றுக்குத் தனி நாளும் தனி வண்டியும் எழுதுங்கள். நூறு நாள் வேலை நடக்கும் வாரத்தில் பகலில் முகாம் போடாதீர்கள். வருகைப் போட்டோ இரண்டு வேளை எடுப்பதால் நடுவில் வந்தால் கூலி போய்விடும். ஞாயிறு அல்லது மாலை 4 மணிக்கு மேல் வையுங்கள். அந்தப் பகுதி கிராம சுகாதார செவிலியருக்கும் சுய உதவிக்குழுத் தலைவிக்கும் தெரியாமல் எந்த முகாமும் நிறையாது.

பரிசோதனை மேசை

ஒரு செவிலியர் ஒரு நாளில் 30 பேரை நிதானமாகப் பார்க்கலாம். ஆகவே கருப்பைவாயைப் பார்க்க உதவும் விரிப்புக் கருவியான ஸ்பெகுலம் 35 வாங்குங்கள். பெரும்பாலும் நடுத்தர அளவு, சில பெரியவை. 12 வாங்கிவிட்டு ஆட்டோகிளேவில் (நீராவியில் கிருமி நீக்கும் கருவி) முடியக் காத்திருந்தால், பெண்கள் எழுந்து போய்விடுவார்கள். 95 மில்லி தண்ணீரில் 5 மில்லி அடர் அசிட்டிக் அமிலத்தை ஊற்றினால் 5 சதவீதக் கரைசல். அமிலத்தைத்தான் தண்ணீரில் ஊற்ற வேண்டும். கரைசலைத் தினமும் புதிதாகக் கலக்க வேண்டும். தடவிய பின் முழுதாக ஒரு நிமிடம் காத்திருக்க வேண்டும். கூட்டம் நெருக்கினால் இருபது விநாடியில் "நார்மல்" எழுதிவிடும் பழக்கம் வரும். சுவரில் விநாடி முள் உள்ள கடிகாரம் மாட்டுங்கள். மஞ்சள் விளக்கில் வெள்ளைத் திட்டு தெரியாது, வெள்ளை எல்இடி வேண்டும்.

வயது 30க்குக் கீழே கூட்டிவந்து எண்ணிக்கையை ஏற்றாதீர்கள். (எச்ஐவி உள்ள பெண்களுக்கு 25இலிருந்தே தேவை.) 50ஐத் தாண்டியவர்களுக்குப் பார்க்க வேண்டிய எல்லைப்பகுதி (கருப்பைவாயின் இரண்டு வகைத் தோல் சேரும் இடம்) உள்ளே போய்விடுவதால் இந்த முறை பலன் தராது, அவர்களுக்கு எச்பிவி (இந்தப் புற்றுநோயை உண்டாக்கும் வைரஸ்) பரிசோதனைக்குப் பணம் வையுங்கள். மாதிரியைப் பெண்ணே மறைவில் எடுத்துக் கொடுக்கலாம். கூச்சத்தால் வராதவர்களும் இதற்கு வருவார்கள். மாதவிடாய் நின்ற பின் ரத்தப்போக்கு, உறவுக்குப் பின் ரத்தக்கசிவு என்று சொல்பவரை வரிசையில் நிறுத்தாமல் நேரே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும்.

வெள்ளைத் திட்டைச் சுட்டு நீக்கும் கையடக்கக் கருவி ஒன்றை வாங்குவது நல்ல முதலீடு. 100 டிகிரி, 20 முதல் 30 விநாடி. பயிற்சி பெற்றவர் கையில், திட்டு முழுதும் கண்ணுக்குத் தெரிந்து, புற்று என்ற சந்தேகம் இல்லாதவர்களுக்கு அன்றே முடித்துவிடலாம். சிஎஸ்ஆர் (நிறுவனங்கள் சமூகப் பொறுப்புக்காகச் செலவிடும்) பணத்தில் வாங்கினால் கருவி யார் பெயரில் இருக்கும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். நிறுவனம் தன் பெயரில் வைத்துக்கொள்ள விதி இடம் தராது.

ஸ்பான்சர் சூலகப் புற்றுநோய்க்கும் சிஏ-125 ரத்தப் பரிசோதனை முகாம் வைக்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள். அறிகுறி இல்லாதவர்களுக்கு அதைச் செய்து பயனில்லை. வீண் பயமும் வீண் அறுவையும்தான் மிஞ்சும்.

நிதி விண்ணப்பம்

சிஎஸ்ஆர் பெற வருமான வரித் துறையின் 12ஏ, 80ஜி பதிவும் சிஎஸ்ஆர்-1 படிவத்தில் பதிந்து பெறும் எண்ணும் மூன்றாண்டு அனுபவமும் வேண்டும். வெளிநாட்டுப் பணம் எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடைச் சட்டம்) அனுமதி இல்லாமல் தொடக்கூடாது. அதை வேறு அமைப்புக்குக் கைமாற்றவும் முடியாது. ரோட்டரியின் உலகளாவிய மானியத்துக்குத் திட்டத் தொகை குறைந்தது 30,000 டாலர், இரண்டு நாட்டுச் சங்கங்கள் சேர வேண்டும். சின்னத் திட்டத்துக்கு அது ஒத்துவராது.

பெரிய பொறி மார்ச் 31. பிப்ரவரியில் மாறுதல் தெரிந்த பெண்ணுக்குக் கதிர்வீச்சு மே வரை போகும். செலவுச் சான்றிதழோ மார்ச்சில் கேட்கப்படும். அதனால் விண்ணப்பத்திலேயே "தொடர் திட்டம்" என்று எழுதி, நிறுவனத்தின் இயக்குநர் குழுவில் அப்படியே ஒப்புதல் வாங்குங்கள். அப்போது மீதிப் பணத்தை நிறுவனம் ஏப்ரல் 30க்குள் செலவழியாத சிஎஸ்ஆர் கணக்குக்கு மாற்றி வைக்கும். தொடங்கிய ஆண்டுக்குப் பின் மூன்று ஆண்டு வரை செலவழிக்கலாம். ஜனவரியில் "மிச்சப் பணம் இருக்கிறது, உடனே முகாம் போடுங்கள்" என்று அழைப்பு வந்தால், இந்த ஒப்புதல் இல்லாமல் வாங்காதீர்கள்.

அறிக்கையில் நான்கு எண்கள் போதும்: பார்த்தவர், மாறுதல் தெரிந்தவர், மருத்துவமனை சேர்ந்தவர், சிகிச்சை முடித்தவர். நான்காவது எண் இரண்டாவதற்கு வெகு கீழே இருந்தால் அடுத்த முகாமை நிறுத்திவிட்டு அந்தப் பெண்களைத் தேடுங்கள். பதிவேட்டில் இரண்டு தொலைபேசி எண் வாங்கி, எது யாருடையது, முடிவை யாரிடம் சொல்லலாம் என்று அவரையே கேட்டு எழுதுங்கள். பல வீடுகளில் போன் கணவர் சட்டைப்பையில் இருக்கும். மூன்று முறை அழைத்தும் கிடைக்காவிட்டால் நேரில் போக வேண்டும். அப்போது அமைப்பின் பெயர் எழுதிய ஜீப்பை வாசலில் நிறுத்தாமல், தெருமுனையில் இறங்கி நடந்து போங்கள்.