காற்று எந்தப் பக்கம்? திருகோணமலைக் கடலைக் கணிப்பதில் நடக்கும் தவறுகள்

திருகோணமலையில் நின்றுகொண்டு "இன்றைக்குக் கடல் எப்படி?" என்று கேட்டால், விஷயம் தெரிந்தவர் "எந்தக் கடல்?" என்று திருப்பிக் கேட்பார். உட்துறைமுகத்துக்குள் தண்ணீர் அசையாமல் கிடக்கும் அதே காலையில், டச்சு பே என்ற குடாவில் அலை கரையை அறைந்துகொண்டிருக்கும். கொட்டியாரக்குடாவின் நடுவில் நிலைமை இன்னொன்று. உப்புவெளி, நிலாவெளிக்கு வெளியே அதுவும் வேறு. இத்தனையும் ஓர் ஊரின் கடல்தான்.

காரணம் பெரிய இரகசியம் ஒன்றுமில்லை. ஒவ்வொரு கரையும் ஒவ்வொரு திசையைப் பார்க்கிறது. உப்புவெளி முதல் நிலாவெளி வரையான கரைக்கு முகம் வடகிழக்கு. கொட்டியாரக்குடா கிழக்கே வாய் திறந்திருக்கிறது. உட்துறைமுகத்தைச் சுற்றி நிலம். தெற்கே ஒரு குறுகிய வாசல் மட்டும் குடாவுக்குத் திறக்கிறது. ஆகவே எந்த எதிர்வுகூறலைப் பார்த்தாலும் முதலில் தேட வேண்டியது காற்றின் திசை. வேகம் அதற்கு அடுத்தது. ஆனால் போனைத் திறக்கிறவர்களில் பெரும்பாலோர் வேகத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள்.

இந்தப் பழக்கம் அதிகம் ஏமாற்றுவது மே முதல் செப்டெம்பர் வரையான மாதங்களில். தென்மேல் பருவக்காற்று மேற்குக் கரையையும் மலைநாட்டையும் நனைத்துவிட்டு, வறண்ட காற்றாக நம் பக்கம் இறங்குகிறது. கிழக்கில் இதைக் கச்சான் என்போம். மழை இல்லை, வானம் வெளித்திருக்கிறது, கரையோரத் தண்ணீர் தட்டையாகத் தெரிகிறது. சுற்றுலாக்காரர் வரும் பருவமும் இதுதான். எல்லோரும் எடுக்கும் முடிவு: கடல் நல்லது.

உண்மையில் கரையோரம் தட்டையாக இருப்பதற்குக் காரணமே அந்தக் காற்றுதான். அது நிலத்திலிருந்து கடலுக்கு வீசுகிறது. அலை எழும்ப, காற்று தண்ணீருக்கு மேல் கொஞ்சத் தூரமாவது ஓட வேண்டும். முதல் சில நூறு மீற்றருக்கு அந்தத் தூரம் கிடைப்பதில்லை. தள்ளித் தள்ளிப் போகத்தான் அலை வளரும். நிலாவெளிக் கரையில் நின்று பார்த்தால் இது நன்றாகவே தெரியும். காலடியில் சிறு நெளிவுகள், அப்பால் தண்ணீர் கருத்து ஒரு கோடு, அந்தக் கோட்டுக்கு அப்பால் வெள்ளையாக நுரைப் புள்ளிகள். அந்தப் புள்ளிகளின் முதுகைத்தான் நாம் பார்க்கிறோம். முதுகுப் பக்கமிருந்து பார்க்கும்போது எந்த அலையும் சிறிதாகத்தான் தெரியும்.

காற்றடைத்த மிதவையில் பிள்ளையை இருத்திவிட்டு இடுப்பளவு தண்ணீரில் நிற்கிற தகப்பனுக்கு ஆபத்து அலையால் வருவதில்லை. மிதவை கை நழுவினால் அது போகும் திசை வங்காள விரிகுடா. நீந்திப் பிடித்துவிடலாம் என்று நினைப்பார். காற்று பிடித்த மிதவை பல வேளைகளில் நீந்துகிறவரை விட வேகமாக ஓடும். கச்சான் மாதங்களில் இந்தக் கரையில் மிதவை, கயாக், துடுப்புப் பலகை எதுவானாலும், ஒரு கயிறாவது கட்டாமல் இறக்கக் கூடாது என்பது என் கருத்து. கொஞ்சம் கடுமையாகப் படலாம். பரவாயில்லை.

வள்ளத்தில் போகிறவர்களுக்கு இதே கணக்கு வேறு விதமாக வரும். விடியற்காலையில் திமிங்கிலம் பார்க்க வெளிக்கிடும்போது காற்று முதுகில் இருக்கும். எஞ்சினுக்குச் சிரமமில்லை, ஒரு துளி தண்ணீர் மேலே படாது. திரும்பும்போது அதே காற்று முகத்தில். வெயில் ஏற ஏறக் காற்றும் ஏறுகிற நாட்கள் அதிகம் என்பதால், போன தூரத்தைத் திரும்பி வர எரிபொருளும் கூட, நேரமும் கூட, ஆட்கள் முழுக்க நனைந்தும் விடுவார்கள். உப்புவெளிப் படகோட்டிகள் "போறது லேசு தம்பி, வாறதுதான் வேலை" என்று சொல்வது இதைத்தான். எரிபொருளைப் போகும் செலவை வைத்துக் கணக்கிடுவது பிழை. திரும்பும் செலவை வைத்துத்தான் கணக்கிட வேண்டும். சில நாள் பின்னேரத்தில் கடற்காற்று எழும்பிக் கச்சானை அடக்கிவிடும் என்பதும் உண்மை. ஆனால் அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

அப்புறம், இடி மழை. கடலில் இருக்கிறவர்கள் இயல்பாகவே அடிவானத்தைப் பார்ப்பார்கள், கடல் பக்கம். தென்மேல் பருவத்திலும் சித்திரை, ஐப்பசி மாதங்களிலும் இந்தப் பகுதியின் பின்னேர இடிமுகில்கள் பெரும்பாலும் உள்நாட்டில் உருவாகி, நிலத்துக்கு மேலாகத்தான் கரைக்கு வருகின்றன. நிலாவெளிக்கு எதிரே உள்ள புறாத்தீவில் கண்ணாடியும் குழாயும் போட்டு முகத்தைத் தண்ணீருக்குள் வைத்திருக்கிறவர்களுக்கு முதுகுக்குப் பின்னால் வானம் கருப்பது தெரியவே தெரியாது. தீவு கரையிலிருந்து ஒரு கிலோமீற்றர் அளவுதான். ஆனால் அந்த ஒரு கிலோமீற்றரைக் கடக்கும் நேரத்துக்குள் சூறையடிக்கலாம். மத்தியானத்துக்குப் பிறகு தீவில் இருந்தால் இடைக்கிடை நிலப் பக்கம் திரும்பிப் பார்க்க வேண்டும். முகிலின் அடிப்பகுதி கருத்து, குளிர்ந்த காற்று திடீரென்று முகத்தில் பட்டால், "இன்னும் ஒரு சுற்று" என்பதற்கெல்லாம் நேரமில்லை.

வளிமண்டலவியல் திணைக்களத்தின் கடல் பிராந்திய அறிக்கையைப் பார்க்கிறவர்கள் விடும் தவறும் இங்கேதான் வருகிறது. அறிக்கை வழக்கமாக ஒரே பாணியில் இருக்கும்: எந்தக் கடற்பரப்பு, காற்று எத்திசை, வேகம் மணித்தியாலத்துக்கு இவ்வளவு, கடல் ஓரளவு கொந்தளிப்பாக இருக்கும். அதற்குக் கீழே, இடியுடன் கூடிய மழை பெய்யும் வேளைகளில் காற்று மணித்தியாலத்துக்கு 70 அல்லது 80 கிலோமீற்றர் வரை திடீரென அதிகரிக்கலாம் என்ற வரி. பருவம் பருவமாக அது வருவதால் கண் அதைத் தாண்டிப் போய்விடுகிறது. அது அலங்காரத்துக்குப் போட்ட வரி அல்ல. சிறிய கண்ணாடியிழைப் படகுக்கு அந்த அறிக்கையில் மிக முக்கியமான வரி அதுதான். அறிக்கையின் மேல் வரியில் வேகம் என்று வரும் 30, 40 எல்லாம் சராசரி.

இன்னொன்று: கச்சான் காலத்தில் பலத்த காற்று எச்சரிக்கை சில நாட்களில் தரைக்கான அறிக்கையில் வரும். மலைநாட்டின் மேற்குச் சரிவுகள், வடமத்திய மாகாணம், அம்பாந்தோட்டை என்று நீளும் பட்டியலின் ஓரத்தில் திருகோணமலையும் இருக்கும். கடல் அறிக்கையை மட்டும் பார்க்கிறவருக்கு அது தப்பிவிடும். இரண்டையும் பார்க்க இரண்டு நிமிடம் போதும்.

போனில் வானிலை அப்களை (செயலிகளை) பார்க்கிறவர்களுக்கு அலகுதான் முதல் பொறி. திரையில் 20 என்று இருக்கிறது. கிலோமீற்றரா, நொட்டா? மணித்தியாலத்துக்கு 20 கிலோமீற்றர் என்றால் சுகமான காற்று. 20 நொட் என்றால் ஏறத்தாழ 37 கிலோமீற்றர். சிறு படகுக்கு அது வேலை வைக்கும் காற்று. செக்கனுக்கு மீற்றரில் காட்டும் அப்களும் உண்டு. அதில் 10 என்று இருந்தால் 36 கிலோமீற்றர். நேரமும் அப்படித்தான். சில பக்கங்கள் உலகப் பொது நேரத்தில் காட்டும். நம் நேரம் அதைவிட ஐந்தரை மணித்தியாலம் முன்னால். மத்தியானக் காற்றை விடியற்காலைக் காற்று என்று நினைத்துக்கொண்டு புறப்பட இது ஒன்றே போதும்.

அலை உயரம் 1.5 மீற்றர் என்று போட்டிருந்தால் எல்லா அலையும் அவ்வளவுதான் என்று அர்த்தமில்லை. அலைகளில் உயரமான மூன்றில் ஒரு பங்கை எடுத்து, அவற்றின் சராசரியைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். இடையிடையே அதன் இரண்டு மடங்குக்குக் கிட்டிய ஒன்று வரும். பக்கத்தில் செக்கனில் ஓர் எண் இருக்கும், அதையும் பாருங்கள். 1 மீற்றர் அலை 5 செக்கனுக்கு ஒன்றாக வந்தால் கிட்டடிக் காற்று கிளப்பியது. வள்ளத்தைக் குலுக்கும், நனைக்கும். அதே 1 மீற்றர் 12 செக்கனுக்கு ஒன்றாக வந்தால் தூரத்துப் புயலோ பெருங்காற்றோ அனுப்பிய நீள அலை. நடுக்கடலில் அது கடந்து போவதுகூடத் தெரியாது. கரையில் வந்து உடையும்போதுதான் அதன் பலம் தெரியும்.

கோணேசர் கோயில் இருக்கும் சுவாமி மலையின் செங்குத்துப் பாறையைச் சுற்றிப் போகும் படகுகளுக்கு இந்த எண்களுக்கு மேலாக ஒன்று இருக்கிறது. பாறையில் மோதும் அலை அங்கேயே முடிந்துவிடாமல் திரும்பி வரும். வரும் அலையும் திரும்பும் அலையும் சந்திக்கும் இடத்தில் தண்ணீர் எந்த ஒழுங்கும் இல்லாமல் மேலும் கீழும் குதிக்கும். கோணேசர் கோயிலைக் கடலிலிருந்து படம் எடுக்க ஆசைப்பட்டுப் பாறையடிக்கு நெருங்குகிற படகுகள் மாட்டிக்கொள்வது இதில்தான். தள்ளி நின்றே எடுக்கலாம், படம் நன்றாகத்தான் வரும். கோயிலுக்கு மேலே ஏறினால் வேறொரு பயனும் உண்டு. கரையில் நிற்கும் ஒருவரின் கண்ணுக்கு அடிவானம் 5 கிலோமீற்றருக்கும் குறைவு. மேலே நின்றால் வெளிக்கடலின் நுரை, நிறம் மாறும் கோடு, வள்ளங்கள் எந்தப் பக்கம் சாய்ந்து ஓடுகின்றன என்பது வரை தெரியும்.

வற்றுப்பெருக்கை, அதாவது கடல் மட்டம் ஏறி இறங்குவதைப் பற்றிய தவறு சுவாரஸ்யமானது. பலர் அதற்கு அளவுக்கு மீறிய மதிப்புக் கொடுக்கிறார்கள். குஜராத்தின் பவநகர்ப் பக்கம் கடல் 10 மீற்றர் அளவுக்கு ஏறி இறங்கும். அங்கே அட்டவணை இல்லாமல் எதுவும் நடக்காது. திருகோணமலையில் அமாவாசை, பறுவ நாட்களில்கூட வித்தியாசம் அரை மீற்றர் சொச்சம்தான். இடைப்பட்ட நாட்களில் அதிலும் குறைவு. "பெருக்கு நேரம், ஆகவே கடல் பொல்லாதது" என்று இங்கே சொல்வதில் பொருள் அதிகமில்லை. ஒரு நல்ல வாடைக்காற்று, அதாவது வடகிழக்குப் பருவக்காற்று, அட்டவணையில் உள்ள எண்ணை விட அதிகமாகத் தண்ணீரைக் கரைக்குத் தள்ளிவிடும். அட்டவணை சந்திரனையும் சூரியனையும் வைத்துப் போட்ட கணக்கு. காற்றும் புயலும் மழையும் அதற்குத் தெரியாது. அதில் 0.6 என்று இருந்தால் தண்ணீரின் ஆழம் அதுவென்று படிப்பவர்களும் இருக்கிறார்கள்; கடல் வரைபடத்தின் அடிமட்டத்துக்கு மேல் நீர்மட்டம் எவ்வளவு என்பதுதான் அந்த எண்.

சரி, அப்படியானால் வற்றுப்பெருக்கு எங்கே முக்கியம்? ஒடுங்கிய இடங்களிலும் ஆழம் குறைந்த இடங்களிலும். கிண்ணியாப் பாலத்தடியைப் பாருங்கள். உள்ளே தம்பலகாமக்குடா அகன்று கிடக்கிறது. அதற்குள் போகும் தண்ணீரும் வெளியே வரும் தண்ணீரும் அந்த ஒடுக்கத்தால்தான் போய்வர வேண்டும். மட்டம் சிறிதளவு மாறினாலும் ஓட்டம் பலமாக இருக்கும். 2009இல் பாலம் திறக்குமுன் அந்த இடத்தைப் பாதையில், அதாவது மிதவைப் படகில், கடந்தவர்களுக்கு இது நன்றாக நினைவிருக்கும். அப்படிப்பட்ட இடங்களில் கடல் வற்றத் தொடங்கும் நேரமும் ஓட்டம் திரும்பும் நேரமும் ஒன்றாக இருக்காது. உள்ளே நிறைந்த தண்ணீர் வடிய நேரம் எடுக்கும். அட்டவணையில் உள்ள மணியை நம்பித் தூண்களுக்கு இடையில் துடுப்பு வலிக்கப் போகாமல், தூணடியில் தண்ணீர் எந்தப் பக்கம் சுழிக்கிறது என்று பார்ப்பது மேல். மற்ற இடம் புறாத்தீவு. வற்றில் முருகைக்கல்லுக்கு மேல் தண்ணீர் மிகக் குறைந்துவிடும். நீந்துகிறவர்கள் எழுந்து நிற்பார்கள். கல்லும் உடையும், காலும் கிழியும். அது 2003 முதல் தேசியப் பூங்கா என்பதால் சட்டமும் கூடவே வரும்.

கார்த்திகை, மார்கழி வந்தால் மேலே சொன்ன எல்லாத் திசையும் புரண்டுவிடும். வாடை வடகிழக்கிலிருந்து நேரே கரைக்கு வீசும். உப்புவெளியும் நிலாவெளியும் முகம் கொடுத்து அலையை வாங்கும். கொட்டியாரக்குடாவின் வாய்க்குள்ளும் அலை உருண்டு வந்து மூதூர்க் கரை வரை போகும். குடாவின் வாயருகே ஆழ்கடல் பள்ளத்தாக்கு கரைக்கு மிக அருகில் வந்துவிடுவதால், அலையை முன்கூட்டியே தணிக்க அகலமான ஆழமற்ற கடல் அங்கே இல்லை. இந்த மாதங்களில் மிதவை தொலைவது குறைவு, மனிதரைக் கடல் இழுப்பது அதிகம். அலை கொண்டுவந்து கொட்டும் தண்ணீர் ஏதோ ஓர் இடத்தால் திரும்பிப் போக வேண்டும். அலை உடையாமல் அமைதியாகத் தெரியும் ஒரு வாய்க்கால் மாதிரிப் பகுதி இருந்தால், பெரும்பாலும் அதுதான் அந்த இடம். குளிக்க வருகிறவர்கள் தேடிப்போய் இறங்குவதும் அங்கேதான். இழுபட்டால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தாமல், கரைக்குச் சமாந்தரமாகப் பக்கவாட்டில் நீந்தி, ஓட்டம் விட்ட பிறகு கரைக்குத் திரும்ப வேண்டும்.

புயல் விஷயத்தில் எல்லோரும் வரைபடத்தில் உள்ள கோட்டைப் பார்க்கிறார்கள். 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவி திருகோணமலைக்குக் கிட்டக் கரை தொட்டது. அன்று எல்லோருடைய கேள்வியும் "நேரே நமக்கா, கொஞ்சம் வடக்காலயா?" என்பதாகவே இருந்தது. கோடு மையம் போகும் வழியை மட்டுமே காட்டும். காற்றும் மழையும் அலையும் அதன் இருபுறமும் நூறு கிலோமீற்றருக்கு மேல் பரந்திருக்கும். மையம் நமக்கு வடக்கே போனால் ஒரு பக்கக் காற்று, தெற்கே போனால் எதிர்ப்பக்கக் காற்று. அதுவரை மறைவாக இருந்த இடம் சில மணித்தியாலத்தில் வெளிப்பக்கமாகிவிடும். வள்ளத்தை எங்கே ஏற்றி வைப்பது என்று முடிவெடுக்கும்போது இதையும் யோசிக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு அழைக்கலாம்.

காற்று அடங்கி வெயில் எறித்ததும் கடலுக்கு ஓடுவது கடைசித் தவறு. காற்று நின்ற பிறகும் ஒன்றிரண்டு நாளைக்கு நீள அலை வந்துகொண்டிருக்கும். கொட்டியாரக்குடாவில் இன்னொன்றும் சேரும். மலைநாட்டில் பெய்த மழையில் ஒரு பகுதி மகாவலியில் இறங்கி, மூதூர்ப் பக்கம் குடாவுக்குள் விழுகிறது. மண்ணிறத் தண்ணீரோடு வேரோடு பிடுங்கிய மரங்கள், மூங்கில் கட்டைகள், சல்வீனியா என்ற மிதக்கும் நீர்க்களையின் படைகள் எல்லாம் வரும். பாதி மூழ்கிய கட்டை பகலிலேயே கண்ணுக்குத் தப்பும், எஞ்சின் விசிறிக்குத் தப்பாது. மூதூருக்கும் நகரத்துக்கும் இடையே வள்ளத்தில் போய்வருகிறவர்கள் அந்த நாட்களில் இருட்டில் வெளிக்கிடாமல், விடிந்த பிறகு வேகத்தைக் குறைத்து, வள்ளத்தின் முன்முனையான அணியத்தில் ஓர் ஆளை இருத்தித்தான் கடக்க வேண்டும்.