கிரிக்கெட் பழகிய கைக்கு பேஸ்பால் ஸ்விங்: முழங்கையைக் கவனியுங்கள்

தமிழக-கேரள எல்லையில், கோபாலபுரம், வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் பேஸ்பால் பேட்டைத் தொடும் பிள்ளைகள் பெரும்பாலும் அதற்கு முன்பே சில வருடம் கிரிக்கெட் ஆடியவர்கள். பந்தைத் தொடரும் கண்ணும் வேகத்துக்குப் பயப்படாத மனசும் அதனாலேயே கிடைத்துவிடுகின்றன. தொல்லை கையில்தான். கிரிக்கெட் பேட் நாலேகால் அங்குல அகலத் தட்டை. பேஸ்பால் பேட் உருண்டை. அமெரிக்காவின் முதல்தரப் போட்டியான மேஜர் லீக் விதிப்படி அதன் மிகப் பருத்த இடமே 2.61 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. தட்டையில் மணிக்கட்டு திரும்பினால் உடனே தெரிந்துவிடும். உருண்டையில் தெரியாது, பந்து போன திசையை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இங்கே சொல்வதெல்லாம் வலக்கை ஆட்டக்காரருக்கு, இடக்கைக்காரர் மாற்றிக்கொள்ளவும். கிரிக்கெட்டில் ‘மேல் கை’ என்று பழகிய இடக்கை, பேட்டை நிமிர்த்திப் பிடித்ததும் கீழே வந்துவிடும். ஆகவே இடக்கை, வலக்கை என்றே சொல்லிக்கொடுங்கள். எல்லையோரப் பள்ளிகளில் இன்னொரு குழப்பமும் உண்டு. மலையாளத்தில் ‘கைமுட்டு’ என்றால் முழங்கை. தமிழ்ப் பிள்ளை அதைக் கைமுட்டி என்று எடுத்துக்கொண்டு முஷ்டியைத் தூக்கும். முதல் நாளே தொட்டுக் காட்டிவிடுவது நல்லது.

பிடி

பேட் உள்ளங்கைக் குழிக்குள் போகக் கூடாது, விரல்களின் அடியில் கிடக்க வேண்டும். இரண்டு கைகளும் ஒட்டியிருக்க, கதவைத் தட்டும் கணுக்கள் ஏறக்குறைய ஒரே வரிசையில் வரட்டும். எதிரே நிற்பவர் பேட்டைத் திருகினால் கொஞ்சம் சுழல வேண்டும். இறுகிப் போயிருந்தால் மணிக்கட்டும் பூட்டிக்கொள்ளும்.

கைகள் வலது தோளுக்கு அருகே, உடம்பிலிருந்து ஒரு சாண் தள்ளி இருக்கட்டும். வலது முழங்கை தளர்ந்து சரிந்து நிற்கட்டும். ‘முழங்கையைத் தூக்கு’ என்று கத்துவதை நிறுத்தினாலே பாதிப் பிள்ளைகள் தேறிவிடுவார்கள். உயரத் தூக்கிய முழங்கை அவ்வளவு தூரமும் இறங்கித்தான் வர வேண்டும். பந்தை எறியும் பிட்சர் நிற்கும் தூரம் 18.44 மீட்டர், மணிக்கு 145 கிலோமீட்டரில் வரும் பந்து சுமார் 0.4 நொடியில் வந்துவிடும். வீணாக்க நேரமில்லை.

வீச்சு

இடது கால் முன்னே போகும்போது கைகள் இரண்டு மூன்று அங்குலம் பின்னே போகட்டும். பேட் தலையைச் சுற்றி முதுகுக்குப் பின்னால் போய்விடக் கூடாது. கால் ஊன்றியதும் இடுப்புதான் முதலில் திரும்ப வேண்டும், கை காத்திருக்கும். இடுப்பு திரும்பத் திரும்ப வலது முழங்கை விலா ஓரத்துக்கு இறங்கி ஒட்டும். அதே சமயம் பேட்டின் தலை வலது தோளுக்குப் பின்னால் தாழ்ந்து, வரும் பந்தின் பாதைக்கு இறங்கிவிடும்.

பந்து மேலிருந்து சில பாகை சரிந்தே வருகிறது. ஆகவே அடியும் லேசாக மேல்நோக்கி இருப்பதுதான் சரி. 1941-ல் .406 சராசரி (ஆயிரத்துக்கு 406 ஹிட் என்ற விகிதம்) எடுத்த அமெரிக்க ஆட்டக்காரர் டெட் வில்லியம்ஸ் வற்புறுத்தியதும் இதையே. ‘மேலிருந்து கீழே வெட்டு’ என்ற பழைய அறிவுரையைப் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள்.

பந்தைத் தொடும் கணத்தில் வலது உள்ளங்கை வானத்தையும் இடது உள்ளங்கை தரையையும் பார்க்க வேண்டும். நிற்கும் மரத்தில் பக்கவாட்டாகக் கோடாலி போடும்போது கை அப்படித்தான் இருக்கும். தோப்பில் வேலை பார்த்த வீட்டுப் பிள்ளைக்கு அது போதும். அப்போது வலது முழங்கை மடங்கியே இருக்கும். இரண்டு கைகளும் நீளுவது பந்து பட்ட பிறகு. மணிக்கட்டு புரளுவது அதற்கும் பிறகு.

பிழைகள்

அதிகம் பார்ப்பது கை வெளியே ஓடுவது. இடுப்பு திரும்பும் முன்பே இடது முழங்கை நிமிர்ந்து, பேட் பெரிய வட்டம் போடும். எடை அச்சிலிருந்து தள்ளிப் போகப் போகச் சுழற்றுவது கடினமாகும், வேகம் குறையும். அடையாளம்: உடம்பை ஒட்டி வரும் பந்து கைப்பிடிக்கு அருகே பட்டு விரல் எரியும். ஆஃப் சைடில் எட்டி அடித்த பழக்கமே பெரும்பாலும் காரணம்.

இதற்குச் சுவரைப் பார்த்து, ஒரு பேட் தூரத்தில் நின்று, சுவரில் படாமல் வீசச் சொல்வார்கள். அது கையை உள்ளே இழுத்துக்கொள்ளவும் கற்றுக்கொடுத்துவிடும். எங்கள் பரிந்துரை வேறு. டீ கம்பத்தில், அதாவது பந்தை அசையாமல் தாங்கும் இடுப்பு உயரக் கம்பத்தில், பந்தை வையுங்கள். பின்னால் பந்து பிடிக்கும் கேட்சர் பக்கம், பிளேட்டின் (அடிப்பவருக்குப் பக்கத்தில் தரையில் பதித்த தட்டு) வெளி ஓரத்துக்கும் அப்பால், பந்து உயரத்துக்கு ஒரு மெல்லிய மூங்கில் குச்சி நடுங்கள். சீக்கிரம் விரியும் பேட் குச்சியைத் தட்டும், உள்ளே வரும் பேட் தட்டாது. பத்துப் பந்து, மூன்று சுற்று.

இரண்டாவது, இழுபடும் பேட். வலது முழங்கை விலாவோடு நிற்காமல் கைகளையும் முந்திக்கொண்டு தொப்புளுக்கு முன்னே பாயும், பேட் பின்தங்கும், பந்து வலப்பக்கம் சோர்ந்து எழும்பும். கைபேசியில் மெதுவோட்டப் படம் எடுத்து, பேட் தரைக்கு இணையாகும் சட்டகத்தில் நிறுத்திப் பாருங்கள். முழங்கை கைக்கு முன்னே இருந்தால் இதுதான் நோய். முதலில் பேட்டின் எடையைச் சந்தேகியுங்கள்: ஒரே கையால் பக்கவாட்டில் நீட்டி 15 நொடி நடுங்காமல் பிடிக்க முடியாவிட்டால் அது அந்தப் பிள்ளைக்கு அதிகம். பிறகு வலக்கை மடிப்பில், முன்கைக்கும் புயத்துக்கும் நடுவே ஒரு சிறு மென்பந்தை இடுக்கி வீசச் சொல்லுங்கள். சரியான வீச்சில் பந்து பிட்சர் திசைக்குப் பறக்கும். தவறானதில் முன்பே நழுவி விழும்.

இடது முழங்கை மடங்கியபடி வானம் பார்த்துக் கிளம்புவது கிரிக்கெட்டின் நேர் டிரைவ் விட்டுப்போன சொத்து. அங்கே அது அழகு. இங்கே பேட்டின் தலை பின்தங்கி, பந்து வலது ஃபவுல் கோட்டுக்கு (ஆடுகளத்தின் எல்லைக்கோடு) வெளியே வழுக்கும். இடது அக்குளில் தோர்த்துத் துண்டை மடித்து வையுங்கள். பந்து பட்ட பிறகு விழுந்தால் சரி. முன்பே விழுந்தால் கை உடம்பை விட்டுப் பிரிந்துவிட்டது.

வலக்கை சீக்கிரம் புரண்டால் பந்து இடப்பக்கம், ஷார்ட்ஸ்டாப் என்ற உள்வட்டக் காவலர் நிற்கும் பக்கம், தரையில் உருளும். மணிக்கட்டைத் திட்டிப் பயனில்லை. வெளிப்பந்தை மிக முன்னே போய் இடப்பக்கம் இழுக்கப் பார்ப்பதுதான் வேர். டீயைப் பிளேட்டின் வெளி ஓரத்துக்கு, உடம்பின் நடுக்கோட்டுக்கு நேராகப் பின்தள்ளி வைத்து, வலப்பக்கமே அடிக்கச் சொல்லுங்கள்.

ஒரே நாளில் இரண்டு பிழையைத் திருத்த முயலாதீர்கள்.

டீ கம்பத்துக்குக் கடையில் கேட்க வேண்டியதில்லை. ஒன்றேகால் அங்குல பிவிசி குழாயை இடுப்பு உயரத்துக்கு வெட்டி, சிமென்ட் ஊற்றிய பெயின்ட் டப்பாவில் நிறுத்தி, மேல் வாயில் சைக்கிள் டியூப் துண்டை மாட்டி, ஒரு விரல் உயரம் தூக்கிவிடுங்கள். ஜூன் பிறந்தால் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் கயிற்றில் தொங்கவிட்ட பந்து ஒரு இடத்தில் நிற்காது. டீயில் வைத்த பந்தும் விழும். அந்த மாதங்களில் விடியற்காலையில் பயிற்சி வையுங்கள், அல்லது டியூபை இன்னும் அரை அங்குலம் உயர்த்திக் கிண்ணம்போல் விரித்துவிடுங்கள்.