ஓசிடி தாளில் பச்சை, படத்தில் பிளவு

ஓசிடி (ஒளியால் விழித்திரையின் அடுக்குகளைப் படமெடுக்கும் ஸ்கேன்) அறையில் புதிதாக உட்காருபவர்களின் கண் முதலில் வண்ணத்துக்குத்தான் போகும். பச்சை என்றால் நலம், மஞ்சள் என்றால் கவனம், சிவப்பு என்றால் விழித்திரையின் நரம்பிழை அடுக்கு மெலிந்திருக்கிறது. கிளாக்கோமா (பார்வை நரம்பு சிதையும் கண் நோய்) உள்ள சிலரிடம் இந்தக் கணக்கு கவிழ்ந்துபோகும். பார்வை நரம்புத் தட்டை (நரம்பு கண்ணை விட்டு வெளியேறும் வட்டமான இடம்) ஒட்டி விழித்திரையின் அடுக்குகள் பிரிந்து நிற்பதுதான் காரணம். அதை எப்படிப் பிடிப்பது?

படி 1: ஸ்கேன் சரியா?
அளவெடுக்கும் வட்டத்தின் நடுவில் தட்டு உட்கார்ந்திருக்க வேண்டும். சிரஸ் என்ற ஓசிடி கருவியானால் சிக்னல் வலிமை 10க்கு 6க்குக் கீழே இருந்தால் மறுபடி எடுங்கள். நோயாளியை நாலு தடவை இமைக்கச் சொன்னாலே பல நேரம் சரியாகிவிடும்.

படி 2: தடிமன் எண்களை விட்டுவிட்டுப் படத்தைப் பாருங்கள்
முக்கியமான படி இதுதான், அவசரத்தில் எல்லோரும் தாண்டிப்போவதும் இதைத்தான். சுமார் 3.4 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டத்தை வெட்டி விரித்ததுபோல ஒரு நீளப் படம் இருக்கும்: காதுப் பக்கம், மேல், மூக்குப் பக்கம், கீழ், மறுபடி காதுப் பக்கம். அதில் மேலே தெரியும் பளிச்சென்ற வெள்ளைப் பட்டைதான் நரம்பிழை அடுக்கு.

பிளவு இருந்தால் அந்த வெள்ளைக்குள்ளேயே கறுப்பாக இடைவெளி தெரியும். பசை தடவிய இரண்டு காகிதங்களைப் பிரித்தால் நடுவில் நூல் நூலாக இழுக்குமே, அப்படி மெல்லிய இழைகள் குறுக்கே நிற்கும். ரத்தக்குழாயோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்: குழாய் உருண்டையாக இருக்கும், அதன் நிழல் நேர் கீழே விழும்.

கருவிக்கு இந்த வித்தியாசமெல்லாம் தெரியாது. பட்டையின் மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் கோடு போட்டு, நடுவிலுள்ள வெற்றிடத்தையும் சேர்த்துத் தடிமன் என்று எழுதிவிடும். சிவப்பாக வரவேண்டிய இடம் பச்சையாவது இப்படித்தான்.

படி 3: எதுவரை போயிருக்கிறது?
தட்டின் குறுக்கே போகும் கோட்டு ஸ்கேன்களை ஒவ்வொன்றாக நகர்த்துங்கள். சிலருக்கு இன்னும் ஆழமான அடுக்குகளிலும் பிளவு இருக்கும். மாக்குலாவை (கூர்மையான பார்வை தரும் விழித்திரையின் மையப் பகுதி) எட்டியிருந்தால் பார்வை குறையலாம். விழித்திரைக்கு அடியிலும் நீர் தெரிந்தால், தட்டில் பிறவிக் குழி ஏதும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்த இரண்டில் எது இருந்தாலும் அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள்.

படி 4: பழைய தாளை எடுங்கள்
கீழ்ப் பக்கம் போன வருடம் 72 மைக்ரான், இப்போது 118 என்று வைத்துக்கொள்வோம். கிளாக்கோமாவில் செத்த நரம்பிழை திரும்ப முளைக்காது. ஆகவே ஏறிய எண்ணைச் சந்தேகப்படுங்கள். அப்புறம் ஒரு நாள் பிளவு தானாகவே அடங்கி, எண் மறுபடி 70க்கு இறங்கும். நடுவில் எடுத்த படத்தைப் பார்க்காதவர், நோய் தலைதெறிக்க முற்றுகிறது என்று பதறிப்போவார். கண் அழுத்தம் குறைந்த பிறகு பிளவு அடங்கியதாகவும் பதிவுகள் உண்டு, அதனால் அன்றைய அழுத்தத்தையும் தாளில் குறியுங்கள்.

படி 5: எழுதி வையுங்கள்
“கீழ்க் காதுப் பக்கம் நரம்பிழை அடுக்கில் பிளவு, மாக்குலாவைத் தொடவில்லை, இந்தப் பகுதியின் தடிமனை ஒப்பிட வேண்டாம்.” இவ்வளவு போதும்.

பச்சையைப் பார்த்துவிட்டு, “போன தடவையைவிட நல்லா இருக்கு போலயே சார்?” என்று நோயாளி கேட்பார். டாக்டர் படத்தைப் பார்த்துச் சொல்வார், அதுவரை சொட்டு மருந்தை நிறுத்திவிடாதீர்கள் என்று சொல்லி அனுப்புங்கள்.