கணவன் மனைவி பெயரில் கூட்டாக உள்ள வீடு: ஒருவரின் கடனுக்காக ஜப்தி வந்தால் செய்ய வேண்டியவை

வீட்டை இருவர் பெயரிலும் பதிவு செய்துவிட்டால், ஒருவர் பட்ட கடனுக்காக அதை யாரும் தொட முடியாது என்று பலர் நம்புகிறார்கள். அது பாதி உண்மைதான். கோவா போன்ற ஓரிரு பகுதிகளை விடுத்து, இந்தியச் சட்டத்தில் திருமணம் ஆனதாலேயே தம்பதியரின் சொத்து ஒன்றாகிவிடுவதில்லை; கூட்டாக வாங்கிய வீட்டில் ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பங்கு உண்டு. எனவே கணவன் மட்டும் வாங்கிய கடனுக்கு டிக்ரி (நீதிமன்றத் தீர்ப்பாணை) பெற்றவர் கணவனின் பங்கை ஜப்தி செய்து ஏலத்துக்குக் கொண்டுவரலாம். மனைவியின் பங்கு அதில் சேராது. ஆனால் ஏலத்தில் எடுத்தவர் பாகப்பிரிவினை வழக்குப் போட முடியும் என்பதால், மீதிப் பங்கு கையில் இருந்தாலும் வீட்டில் நிம்மதி இருக்காது.

ஆகவே முதலில் கிரயப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். அதில் பங்கு குறிப்பிடப்படவில்லை என்றால், 1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம் 45ஆவது பிரிவின்படி, அவரவர் போட்ட பணத்தின் விகிதத்தில் பங்கு கணக்கிடப்படும். அதற்குச் சான்று இல்லாவிட்டால் சரிபாதி என்று கொள்ளப்படும். நகையை விற்றோ சம்பளத்திலோ மனைவி பெரும்பகுதியைக் கொடுத்திருந்தால், அந்த வங்கிக் கணக்குப் பதிவுகளையும் ரசீதுகளையும் இன்றே சேகரித்து வையுங்கள். பல ஆண்டுகள் கழித்து அவற்றைத் தேடிப் பெறுவது மிகக் கடினம்.

இந்தப் பாதுகாப்பு முழுவதும் ஒரு கையெழுத்தில் போய்விடும். மனைவி இணைக் கடனாளியாகவோ ஜாமீன்தாரராகவோ கையெழுத்திட்டால், அந்தக் கடன் அவருடையதும் ஆகிறது. வீட்டை இருவரும் சேர்ந்து வங்கிக்கு அடமானம் வைத்திருந்தால், வங்கிகள் வாராக்கடனை வசூலிப்பதற்கான 2002ஆம் ஆண்டின் சர்பாசி (SARFAESI) சட்டப்படி 60 நாள் அவகாசத்துடன் அறிவிப்பு அனுப்பிவிட்டு, நீதிமன்ற டிக்ரி இல்லாமலேயே முழு வீட்டின் மீதும் வங்கி நடவடிக்கை எடுக்கலாம். அறிவிப்பு கிடைத்தவுடன் எழுத்துமூலம் ஆட்சேபம் அனுப்புங்கள். வீட்டைக் கையகப்படுத்தும் நடவடிக்கை தொடங்கிவிட்டால், அதிலிருந்து 45 நாட்களுக்குள் கடன் வசூல் தீர்ப்பாயத்தை அணுக வேண்டும். கணவனின் வியாபாரக் கடனுக்காக நீட்டப்படும் தாளைப் படிக்காமல் கையெழுத்திடும் பழக்கம் நம் வீடுகளில் இன்றும் இருப்பது எனக்கு மிகுந்த கவலை தருகிறது.

கடன் நெருக்கும்போது தன் பங்கை மனைவிக்கு செட்டில்மென்ட் எழுதிக் கொடுப்பதும் பலர் நாடும் வழி. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கடன் கொடுத்தவரை ஏமாற்றவோ தாமதப்படுத்தவோ செய்த உரிமை மாற்றத்தை, சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 53ஆவது பிரிவின்படி அவர் வழக்குத் தொடுத்து ரத்து செய்ய வைக்கலாம்.

மனைவியின் பங்கையும் சேர்த்து ஜப்தி செய்திருந்தால், உரிமையியல் நடைமுறைச் சட்டம் ஆணை 21, விதி 58இன்படி அதே நீதிமன்றத்தில் உரிமைக் கோரிக்கை மனு தாக்கல் செய்யலாம். சொத்து விற்கப்பட்ட பிறகு வரும் மனுவையும், வேண்டுமென்றே தாமதித்துப் போட்ட மனுவையும் நீதிமன்றம் ஏற்காது என்பதால், ஏலத் தேதி குறிக்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

கணவன் இறந்தால் அவர் பங்கு தானாகவே மனைவிக்கு வந்துவிடும் என்றும் எண்ண வேண்டாம். உயில் இல்லாத இந்துக் குடும்பத்தில் அது மனைவி, பிள்ளைகள், இறந்தவரின் தாய் ஆகியோருக்குப் போகும். அவருடைய கடனும் அந்தப் பங்கின் அளவுக்கு மட்டுமே அதைத் தொடரும்.