பிரசவத் திட்டம்: ஒரே பக்கத்தில் எழுதுவது எப்படி?

வலி உச்சத்தில் இருக்கும்போது யார் என்ன கேட்டாலும் நிதானமாகப் பதில் சொல்ல முடியாது. அந்த நேரத்தில் உங்கள் விருப்பங்களைச் சொல்லி உங்களுக்காகப் பேச வேண்டிய தாள்தான் பிரசவத் திட்டம். 34-ஆவது வாரத்துக்குள் எழுதி முடித்துவிடுங்கள்.

ஒரு ஏ4 தாள் போதும், அதிலும் ஒரு பக்கம்தான். இணையத்தில் கிடைக்கும் ஆயத்தப் படிவங்கள் வேண்டவே வேண்டாம். நான்கைந்து பக்கம் நீளும் படிவத்தை ஷிஃப்ட் மாறி வரும் நர்ஸ் படித்து முடிப்பதற்குள் பிரசவமே ஆகிவிடும்.

தலைப்பில் பெயர், ரத்த வகை, ஒவ்வாமை, முந்தைய அறுவை சிகிச்சைகள், சாப்பிடும் மாத்திரைகள். ரத்தம் ஆர்எச் நெகட்டிவ் (ஓ நெகட்டிவ், ஏ நெகட்டிவ் போல) என்றால் அதைச் சிவப்பு மையில் எழுதுங்கள். குழந்தையின் ரத்தம் பாசிட்டிவாக இருந்தால், அடுத்த கர்ப்பத்தைப் பாதுகாக்கும் ஆன்டி-டி ஊசியைப் பிரசவமான 72 மணி நேரத்துக்குள் உங்களுக்குப் போட்டாக வேண்டும். கீழே, கூட இருக்கப்போகிறவரின் பெயரும் ஃபோன் எண்ணும். அவரால் வர முடியாவிட்டால் யார் என்பதையும் சேருங்கள்.

அடுத்து விருப்பங்கள். பலர் சறுக்குவது இங்கேதான். "எபிசியோடமி (குழந்தை வெளிவர பிறப்புறுப்பின் வாயை வெட்டி அகலப்படுத்துவது) வேண்டாம், சிசேரியன் வேண்டாம்" என்று அடுக்கிக்கொண்டே போவார்கள். குழந்தையின் இதயத்துடிப்பு இறங்கினால் அந்தப் பட்டியல் அப்படியே ஓரத்துக்குப் போய்விடும். அதற்குப் பிறகு உங்கள் விருப்பம் என்ன என்பது அதில் இருக்காது. அதனால் ஒவ்வொரு வரியையும் இரண்டு பாதியாக எழுதுங்கள்: எல்லாம் இயல்பாகப் போனால் என்ன, நிலைமை மாறினால் என்ன. உதாரணத்துக்குச் சில வரிகள்:

"வலியின்போது நடமாட வேண்டும். தொடர்ந்து சிடிஜி (வயிற்றில் பட்டை கட்டி குழந்தையின் இதயத்துடிப்பைப் பதிவு செய்வது) பார்க்க வேண்டியிருந்தால், மல்லாந்து படுக்க வைக்காமல் பக்கவாட்டில் சாய்ந்திருக்க விடுங்கள்."

"எபிசியோடமி அவசியமானால் மட்டும். வெட்டும் முன் என்னிடம் சொல்லி, மரத்துப்போகும் ஊசி போடுங்கள்." (எல்லோருக்கும் வழக்கமாக வெட்டுவதை உலக சுகாதார நிறுவனத்தின் 2018 வழிகாட்டுதல் பரிந்துரைக்கவில்லை.)

"தொப்புள்கொடியை 1 நிமிடமாவது கழித்து வெட்டுங்கள். குழந்தைக்கு மூச்சு உதவி தேவைப்பட்டால் காத்திருக்க வேண்டாம்." நஞ்சுக்கொடியிலிருந்து கூடுதல் ரத்தம் போய்ச் சேர்வதால் குழந்தையின் இரும்புச்சத்து இருப்பு கூடுகிறது, இந்த வரியை விட்டுவிடாதீர்கள்.

எபிடியூரல் (வலி தெரியாமல் இருக்க முதுகில் போடும் ஊசி) வேண்டுமென்றால், இரவிலும் மயக்க மருந்து நிபுணர் இருப்பாரா என்று முன்பே விசாரித்துவிட்டு எழுதுங்கள்.

எழுதிய தாளை அடுத்த பரிசோதனைக்குக் கொண்டுபோங்கள். "சரி, பார்த்துக்கலாம்" என்று டாக்டர் சொன்னதும் எழுந்து வந்துவிடக் கூடாது. ஒவ்வொரு வரிக்கும் "இதை எந்தச் சூழ்நிலையில் செய்ய முடியாது?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் பதில்தான் அந்த வரியின் இரண்டாவது பாதி. அதைச் சேர்த்துத் திருத்தி மூன்று பிரதி எடுங்கள்: மருத்துவமனை கோப்புக்கு ஒன்று, பைக்கு ஒன்று, துணைக்கு ஒன்று. துணையாக வருபவர் அதை முன்கூட்டியே ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்க்கட்டும். புரியாத வரி அப்போதே தெரிந்துவிடும்.

பின்சேர்க்கை: சிசேரியனுக்கு நாள் குறித்தவர்களுக்கும் இந்தத் தாள் தேவை. ஆபரேஷன் தியேட்டருக்குள் துணை வரலாமா, குழந்தையை அங்கேயே உங்கள் நெஞ்சில் வைப்பார்களா, உங்களுக்கு உடனே முடியாவிட்டால் யார் நெஞ்சோடு அணைத்துக்கொள்வது, முதல் பால் எப்போது என்ற நான்கையும் எழுதுங்கள்.